டயலை ‘எம்’முக்குத் திருப்பு!

உன் கேமராவின் தலையில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. அதை ‘ஆட்டோ’விலேயே வைத்துக்கொண்டு, “அருவிப் படம் எனக்கு மட்டும் சரியாகவே வரமாட்டேங்குது” என்று அங்கலாய்க்கிறாயே, நியாயமா? எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம் என்ற முடிவையெல்லாம் ஒரு சில்லுக்குக் குத்தகை விட்டுவிட்டாய். அதுவும் பாய்கிற தண்ணீரை நொறுங்கிய கண்ணாடியாக உறையவைத்து உன் கையில் திணிக்கிறது. போதும் தம்பி! டயலை ‘எம்’முக்குத் திருப்பு. ‘எம்’ என்றால் மேனுவல், இனி முடிவெடுப்பது நீ!

கேமரா பழசு என்கிறாயா? ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 11, ஷட்டர் அரை விநாடி. இந்த மூன்றையும் இருபது வருஷப் பழைய டிஎஸ்எல்ஆரும் தரும். எஃப் 11-ல் கிட் லென்ஸுக்கும் லட்ச ரூபாய் லென்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். எஃப் 22 வரைக்கும் மட்டும் போகாதே, துளை ரொம்பச் சிறுத்தால் படத்தின் கூர்மை போய்விடும்.

முடிவெடுப்பது என்றால் இதுதான்: 1927 ஏப்ரல். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில், ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே நின்றார் 25 வயது புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ். கையில் மிச்சம் இரண்டே கண்ணாடித் தகடுகள். மஞ்சள் ஃபில்டர் மாட்டி ஒன்றை எடுத்தார். எடுத்த கையோடு தெரிந்துவிட்டது, தன் நெஞ்சில் எழும்பி நிற்கும் பாறை இதில் வராது என்று. இன்னும் ஒன்றே ஒன்றுதான்! நீயும் நானும் என்ன செய்திருப்போம்? பழகிய வழியிலேயே இன்னொன்று எடுத்துப் பத்திரப்படுத்தியிருப்போம். அவர் அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். அது வெளிச்சத்தைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தது. ஈடுகட்ட ஷட்டரை 5 விநாடி திறந்துவைத்தார். வானம் கறுத்தது, பாறை விசுவரூபம் எடுத்தது. ‘மோனோலித்’ என்று இன்றும் கொண்டாடப்படும் படம் அது. உன் மெமரி கார்டிலோ ஆயிரம் படத்துக்கு இடம் கிடக்கிறது. அதனால்தான் ஒரு படத்துக்குக்கூட நீ யோசிப்பதில்லை!

“வெயில் அடிக்கிறதே, அரை விநாடி திறந்தால் எல்லாம் வெளுத்துவிடுமே” என்பாய். வெளிச்சத்தைக் குறைக்கத்தானே என்.டி. ஃபில்டர்! கணக்கு என்றதும் பின்வாங்காதே, விரல் விட்டு எண்ணு. ஃபில்டர் இல்லாமல் 1/30 விநாடியில் படம் சரியாக வருகிறது என்று வைத்துக்கொள். 6 ஸ்டாப் ஃபில்டர் என்றால் ஆறு முறை இரட்டித்துக்கொண்டே போ: 1/15, 1/8, 1/4, 1/2, 1, 2. அவ்வளவுதான், 2 விநாடி! 10 ஸ்டாப் என்றால் அதே வழியில் அரை நிமிஷத்தைத் தாண்டும். ஆனால் அத்தனை அடர்ந்த கண்ணாடி வழியே கேமராவுக்குப் பெரும்பாலும் கண் தெரியாது. முதலில் ஃபோகஸ் செய், ஃபோகஸை மேனுவலுக்கு மாற்று, அதன் பிறகு ஃபில்டரை மாட்டு.

ஃபில்டர் வாங்கக் காசில்லையா? விடியலுக்கு முன் எழுந்திரு. சாரல் காலத்து மேகம் குற்றாலத்துக்கு மேலே விரிக்கும் ஃபில்டருக்கு விலையே கிடையாது! அதற்குப் பிறகும் வெளிச்சம் அதிகமா? ட்ரைபாடை அசைக்காமல் 1/15 விநாடியில் 16 படம் எடு. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு. அடிப்படம் 100 சதவீதம், அடுத்தது 50, அதற்கு மேல் 33, பிறகு 25 என்று ஒவ்வொன்றின் அடர்த்தியையும் குறைத்துக்கொண்டே போ. ஒரு விநாடிக்கு மேல் திறந்துவைத்த படம் போலத் தண்ணீர் குழைந்து வரும். செல்போன்காரனுக்கும் விதிவிலக்கு இல்லை, ‘ப்ரோ’ மோடைத் திறந்து பார்!

கூட்டம் குறுக்கே வருகிறதா? 1838-ல் பாரீஸில் புகைப்பட முன்னோடி தாகேர் ஒரு பரபரப்பான வீதியைப் படம்பிடித்தார். தகட்டில் பதியப் பல நிமிஷங்கள் ஆயின. வண்டிகளும் நடந்துபோனவர்களும் தடமில்லாமல் மறைந்தார்கள். காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒருவரும், பாலிஷ் போட்டவரும் மட்டும் பதிந்துபோனார்கள். ஐந்தருவிப் பாதையில் நடக்கும் கூட்டத்தையும் உன் 10 ஸ்டாப் ஃபில்டர் அப்படியே கரைத்துவிடும். ஆனால் ஒன்று: குளிப்பவர்கள் பக்கம் லென்ஸைத் திருப்பாதே. அது கலை அல்ல, அத்துமீறல். வனத்துறையும் போலீஸும் கட்டிய கயிற்றைத் தாண்டுவதும் வீரமல்ல. மேலே மழை பெய்தால் வெள்ளம் உன்னிடம் சொல்லிக்கொண்டு வராது.

ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதே. லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசரை அணை. விரல் பட்டாலே கேமரா ஆடும், ஆகவே 2 விநாடி டைமர் வை. திவலை லென்ஸில் தெறித்துக்கொண்டே இருக்கும். அழுத்தும் வரை துணியால் மூடியிரு, திற, எடு, துடை. போலரைசர் ஃபில்டர் இருந்தால் மெதுவாகச் சுழற்று. ஈரப்பாறையின் வெள்ளைப் பளபளப்பு அடங்கி அதன் கருமை எழும்பும், பாசியின் பச்சை பிதுங்கும். அந்தக் கணத்துக்காகவே ஒரு போலரைசர் வாங்கலாம்.

எத்தனை விநாடி என்று மட்டும் என்னைக் கேட்காதே! எல்லா அருவியையும் பாலாக்குகிறவன் சமையல் குறிப்பைப் பார்த்து எடுக்கிறவன். ஒகேனக்கல்லில் காவிரி கொந்தளிக்கும்போது 2 விநாடி கொடுத்தால் அந்த ஆவேசம் வெறும் புகையாகிவிடும். அங்கே 1/4 விநாடி போதும், முறுக்கேறிய நரம்புகள் தெரியட்டும். கும்பக்கரையில் பாறைமேல் வழுக்கி இறங்கும் மெல்லிய நீருக்கு 2 விநாடி தாராளமாகக் கொடு. தண்ணீரைப் பார், மனசில் ஒரு எண்ணை முடிவு செய், அதை வை. முதல் படம் வெளுத்துவிட்டதா? ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டி நிற்கிறதா? நேரத்தைப் பாதியாக்கு. லென்ஸைத் துடை. மறுபடியும் அழுத்து!