சும்மா வாசித்தல்

போன வருஷம் பழைய கிடார் ஒன்று வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "இத வச்சி இன்னாடா பண்ணப்போற?" "சும்மாதாம்மா" என்றேன். அடுத்த வாரம் தோழர் ஒருவர் கேட்டார்: "மேடையில வாசிக்கவா தோழர்?" அவரிடமும் சும்மா என்றுதான் சொன்னேன். அம்மாவாவது சிரித்தது. தோழர் சிரிக்கவில்லை. ஒரு தலித் சும்மா ஒரு கருவியை வாசிக்கலாமா? இந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

கருவி எனக்குப் புதிதல்ல. ஆறாம் வகுப்பில் பள்ளி பேண்டில் சேர்த்தார்கள். நான் கேட்டது பியூகிள். விளையாட்டு வாத்தியார் சைடு டிரம்மைத் தோளில் மாட்டிவிட்டு, "ஒங்களுக்கு இது ரத்தத்துலயே வரும்டா" என்றார். பியூகிள் ஊர்த்தெருப் பையனுக்குப் போனது. சேரிப் பையன் வாய் வைத்து ஊதியதை அடுத்து யார் வாங்கி ஊதுவது என்ற கணக்கு அதில் இருந்ததென்பது பின்னால்தான் விளங்கியது. ஆகஸ்ட் 15, ஜனவரி 26 என்றால் அணிவகுப்புக்கு அடிக்க வேண்டும். தாளம் தப்பினால் முட்டிக்காலில் பிரம்பு விழும். ஐந்து வருஷம் அடித்தேன். ஒரு நாளும் எனக்காக அடித்ததில்லை.

தாத்தா சாவு வீடுகளில் பறையடித்தவர். அப்பா அதைத் தொடமாட்டேன் என்று நின்றவர். அதற்காக ஊர்க்காரர்கள் அவரைக் கொல்லை வேலைக்குக் கூப்பிடாமல் நிறுத்திவைத்தார்கள். நான் டிரம்மோடு மைதானத்தில் நின்றதை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்.

பறையை இறக்கி வைக்கச் சொல்லிப் போராடியவர் எல். இளையபெருமாள். பிற்பாடு அதே பறையை விடுதலையின் கருவியாக மேடையேற்றினோம். திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையடித்து ஆடுவது யாரை நோக்கி என்று நமக்குத் தெரியும். இறக்கியதும் சரி, ஏந்தியதும் சரி. ஆனால் இரண்டுமே ஊருக்கு நாம் சொல்லும் பதில்கள். ஊரை மறந்து ஒரு மணி நேரம் இருக்க நமக்கு உரிமை உண்டா என்பதுதான் என் கேள்வி.

'சாதி ஒழிப்பு' நூலில் 1936இலேயே அம்பேத்கர் சொல்லிவிட்டார்: சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து வைக்கிறது, அதில் மனிதரின் விருப்பத்துக்கு இடமே இல்லை. அப்படியானால் விருப்பத்துக்காக மட்டும் ஒன்றைச் செய்வது சாதிக்கு வெளியே வைக்கும் ஒரு காலடிதானே? அவ்வளவு வேலைகளுக்கு இடையிலும் பாபாசாகேப் வயலின் கற்றுக்கொண்டவர். அவரிடம் போய் எந்த மேடைக்கு என்று கேட்போமா?

கிடாருக்கு ஆறு கம்பி. இடக்கை விரல் நுனி கொப்பளித்துக் காய்ப்புக் காய்க்க ஒரு மாதம் ஆனது. எஃப் கார்டுக்கு ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே எல்லாக் கம்பியையும் குறுக்கே அமுக்க வேண்டும். இன்னும் எனக்குக் கொரகொரவென்றுதான் வருகிறது. அடிக்க ஆளில்லை, திட்ட ஆளில்லை. நானே சிரித்துக்கொள்கிறேன். மோசமாக வாசிக்கிற சுதந்திரம் என் தாத்தாவுக்கு இருந்ததில்லை.

குடிசை எரியும்போது கிடாரா என்று தோழர்கள் கேட்பது நியாயம்தான். கூப்பிட்டால் கிடாரைச் சுவரில் சாத்திவிட்டு ஓடுகிறேன்; இனியும் ஓடுவேன். ஆனால் எதற்காக ஓடுகிறோம்? நம் பிள்ளைகள் ஒரு நாளாவது பயமில்லாமல், பயனில்லாமல் சும்மா இருக்கத்தானே? அந்தச் சும்மாவின் ருசியே தெரியாதவன் அதை யாருக்கு வாங்கித் தருவான்?

ஒரு சாயங்காலம் திண்ணையில் வாசித்துக்கொண்டிருந்தேன். கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்த அப்பா, "நாலாவது அடி பிந்துதுடா, மறுபடி அடி" என்றார். திரும்பிப் பார்த்தேன். அவர் விரல்கள் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டிருந்தன. பறையைத் தொட மறுத்தவரிடம் தாளம் அப்படியே இருந்திருக்கிறது. அவரும் சும்மா அடிக்க ஆசைப்பட்டிருப்பாரோ? நான் கேட்கவில்லை. மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.