பிறந்த தெருவின் மீதான பற்று

சிறுவயதுத் தெருவையும் அங்கே வாங்கித் தின்ற பண்டத்தையும் எண்ணி ஏங்குவது அறுக்க வேண்டிய பற்றா, உயிருக்குத் துணைசெய்யும் உணர்வா? தமிழ்ச் சமய மரபு இதற்கு ஒரே விடை தரவில்லை. மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணியைச் சேர்ந்த பாக்கார் ஆராங் போன்ற பகுதிகளில் வாழும் தோட்டப் பரம்பரையினருக்கு இது ஏட்டளவில் நிற்கும் கேள்வி அல்ல.

ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் லயம் எனப்பட்ட வரிசை வீடுகளில் குடியிருந்தனர். 1950களிலும் 1960களிலும் பல பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்கப்பட்டன. பின்னர் ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது. நகரை ஒட்டிய நிலங்களில் தாமான் எனப்படும் குடியிருப்புகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. வீடு தோட்டத்துக்குச் சொந்தமாக இருந்தது. ஆகவே வேலை போனபோது வீடும் தெருவும் சேர்ந்தே போயின. சம்பள நாளில் கூடிய கடைகள், ஒட்டுக்கடை முறுக்கு, காகிதச் சுருளில் வாங்கிய கச்சாங் பூத்தே என்னும் கடலைத் தின்பண்டம், மரவள்ளிக் கிழங்குச் சீவல் என நினைவில் எஞ்சுபவை யாவும் திரும்பிப் போக இயலாத ஓர் இடத்துக்கு உரியவை.

துறவு நெறி இந்த ஏக்கத்தை ஐயத்தோடு பார்க்கிறது. திருக்குறளின் 35, 36, 37ஆம் அதிகாரங்கள் துறவு, மெய்யுணர்தல், அவா அறுத்தல் என்னும் வரிசையில் பற்று விடுதலைப் பேசுகின்றன. யோகசூத்திரத்தில் பதஞ்சலி, நினைவை மனத்தின் ஐந்து விருத்திகளுள், அதாவது அசைவுகளுள், ஒன்றாக எண்ணுகிறார். விருத்திகள் அடங்குவதே யோகம் என்பதால், இனிய நினைவும் அங்கே அடங்க வேண்டியதே.

சைவ சித்தாந்தத்தின் விடை வேறு. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் அருளிய சிவஞானபோதத்தின் வழிவந்த இத்தத்துவம், ஆணவம் என்னும் அறியாமை இருளில் கிடக்கும் உயிருக்கு உடல், கருவிகள், உலகம், நுகர்பொருள் ஆகிய நான்கையும் இறைவன் மாயையிலிருந்து ஆக்கித் தருகிறான் என்கிறது. இவை விடியும்வரை உதவும் விளக்குப் போன்றவை. உயிரோ சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது. இதன்படி, தெரு என்பது உயிருக்குக் கிடைத்த உலகம். முறுக்கு அதன் நுகர்பொருள். அறிவு முதலில் விழித்தது அவற்றைச் சார்ந்துதான். குற்றம் அவற்றில் இல்லை. 'எனது' என்னும் முனைப்பில் இருக்கிறது.

பக்தி நெறி இன்னும் ஒரு படி செல்கிறது. தேவார மூவர் ஊர் ஊராகச் சென்று அந்தந்த ஊரின் பெயரோடு இறைவனைப் பாடினர்; ஊர்ப்பற்றே வழிபாடாயிற்று. தோட்டத்து மாரியம்மன், முனீசுவரர் கோயில்களின் திருவிழாவுக்கு, தோட்டத்தை விட்டுப் போனவர்கள் குடும்பத்தோடு திரும்பி வரும் வழக்கத்தில் இந்நெறி தொடர்கிறது. தனியாள் ஏக்கம் அங்கே பலருக்கும் பொதுவான நேர்த்திக்கடனாகவும் அன்னதானமாகவும் மாறுகிறது.

மூன்று நெறிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. துறவு என்பது கையில் உள்ளதைத் தானே விடுவது. தோட்டம் மூடப்பட்டதால் தெருவை இழந்தவர் எதையும் துறக்கவில்லை. அவரிடமிருந்து அது எடுக்கப்பட்டது. அவருடைய ஏக்கத்தை வெறும் ஆசை என்று தள்ளுவது, இழப்பைத் துறவாக எண்ணும் பிழையாகும். அதே ஏக்கம், இழந்த தெரு தனக்கே உரியது என்ற பிடிவாதமாக இறுகினால் சித்தாந்தம் சொல்லும் ஆணவத்தின் வெளிப்பாடாகிவிடும்; தன்னை வளர்த்த ஊருக்கான நன்றியாக நின்றால், சித்தாந்தமும் பக்தியும் அதைத் தடுக்கவில்லை.