திருந்தியவனும் திருத்தப்பட்டவளும்

எலினார் அப்டேல் பதின்பருவத்தினருக்காக எழுதிய நாவல் 'மான்ட்மோரன்சி'. 2003இல் வெளிவந்தது. விக்டோரியா காலத்து லண்டனில் போலீசுக்குத் தப்பி ஓடும் ஒரு திருடன், கண்ணாடிக் கூரை உடைந்து விழுகிறான். சிதைந்த அவன் உடலை ஓர் இளம் மருத்துவர் தைத்து உயிர்ப்பிக்கிறார். பிறகு தன் கைத்திறனைக் காட்ட அவனை அறிவியல் சபைக்கு அழைத்துப் போகிறார். அங்கே அவன் பெயரற்றவன், கைதி எண் 493 மட்டுமே. அந்தச் சபையில்தான் பொறியாளர் ஜோசப் பசல்கெட் நகரின் புதிய பாதாளச் சாக்கடைகளைப் பற்றிப் பேசுவதைக் கேட்கிறான்.

விடுதலையான பிறகு அந்தச் சாக்கடையே அவன் பாதையாகிறது. கீழே ஸ்கார்ப்பர் என்ற வேலையாளாகத் திருடுகிறான். மேலே மான்ட்மோரன்சி என்ற கனவானாக ஆடம்பர ஓட்டலில் வாழ்கிறான். கடைசியில் திருட்டை விட்டு அரசாங்கத்தின் ஒற்றனாகிறான்.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், இதே ஆள் பொண்ணா இருந்தா அந்த ஓட்டல்ல ரூம் குடுத்திருப்பாங்களா?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

துணையில்லாமல் வந்து நிற்கும் பெண்ணிடம் அன்றைய லண்டன் முதலில் கேட்டிருக்கக்கூடியது, 'நீ யாருடைய பெண்?' என்பதுதான். 1864 முதல் 1886 வரை இங்கிலாந்தில் ஒரு சட்டம் இருந்தது. படைத்தளங்களும் துறைமுகங்களும் உள்ள ஊர்களில், போலீஸ்காரர் சந்தேகப்பட்டால் போதும், ஒரு பெண்ணைப் பாலியல் தொழிலாளி என்று குறித்து உடற்பரிசோதனைக்கு உட்படுத்தலாம். அவளிடம் வந்துபோன ஆண்களுக்கு அப்படி ஒரு பரிசோதனை இல்லை. ஜோசஃபின் பட்லரும் அவருடன் நின்ற பெண்களும் பல ஆண்டுகள் போராடித்தான் அந்தச் சட்டம் நீங்கியது.

பெண்களுக்குத் திருந்த வழியே இல்லையா? இருந்தது. 1847இல் சார்லஸ் டிக்கன்ஸும் செல்வந்தரான ஏஞ்சலா பர்டெட் கூட்ஸும் லண்டனில் யுரேனியா காட்டேஜ் என்ற இல்லத்தைத் தொடங்கினார்கள். சிறையிலிருந்தும் தெருவிலிருந்தும் வந்த பெண்களில் திருடிகளும் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறும் எழுத்தும் கிடைத்தன. உடை மங்கலாக இருக்கக்கூடாது, நிறம் வேண்டும் என்று டிக்கன்ஸ் வற்புறுத்தினார். அந்தக் கருணையை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் அவர்கள் தம் கடந்தகாலத்தை ஒருமுறை அவரிடம் சொல்ல வேண்டும், அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். அதன்பின் யாரிடமும் அதைப் பேசக்கூடாது. தையலும் வீட்டுவேலையும் கற்றபின் ஆஸ்திரேலியா போன்ற தொலைதூரக் குடியேற்ற நாடுகளுக்குக் கப்பலேற வேண்டும்.

மான்ட்மோரன்சியைப் பாருங்கள். வேடம் போடுவது, ஒட்டுக்கேட்பது, சந்தடியின்றி நுழைவது என அவனுடைய திருட்டுத் திறமைகள் அத்தனையும் ஒற்றனுக்குத் தகுதிகளாகின்றன. அவன் எதையும் மறக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்களும் தெருவில் பிழைக்கக் கற்றவர்கள்தான், ஆனால் அவர்களுடைய சாமர்த்தியத்தை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை.

தமிழில் 'திருந்து' தன்வினை, 'திருத்து' பிறவினை. ஆண் திருந்துகிறான், பெண் திருத்தப்படுகிறாள். நம் சங்கக் கவிதைகள் பெண்ணைத் 'திருந்திழை' என்று அழைத்தன. திருத்தமாகச் செய்த நகையை அணிந்தவள் என்று பொருள். அழகான சொல்தான். ஆனால் ஏற்கெனவே திருத்தமாக இருக்க வேண்டியவள் தவறு செய்துவிட்டால் எங்கே போவாள்?

இதைக் கேட்க எனக்கு முழுத் தகுதி இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி விடுதியில் துணைக் காப்பாளராக இருந்தேன். முதலாண்டு மாணவி ஒருத்தி அறைத்தோழியின் 1,500 ரூபாயை எடுத்துவிட்டாள். அதே ஆண்டு ஆண்கள் விடுதியில் ஒருவன் செல்போன் திருடியிருந்தான். மன்னிப்புக் கடிதம், அபராதம், அவ்வளவுதான். "சின்னப் பையன், திருந்திடுவான்" என்றார்கள். அவளுக்காகக் கூடிய கூட்டத்தில் பணத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. எதற்குப் பணம், யாருக்காக, சனிக்கிழமைகளில் எங்கே போகிறாள் என்றே பேச்சு ஓடியது. "மாசக் கடைசிக்குள்ள குடுத்துடறேன் மேடம்" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். அவளை விடுதியிலிருந்து நீக்கிய தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது. அவள் படிப்பு அத்தோடு நின்றது.

திருந்துவதைத் தவறு செய்தவரின் மனத்துக்குள் நடக்கும் காரியமாகவே பேசுகிறோம். மனம் மாறுவது அவரவர் கையில் இருக்கலாம். மாறிய மனத்தோடு வாழ ஒரு கதவு திறப்பது மற்றவர்கள் கையில் இருக்கிறது. மான்ட்மோரன்சிக்கு ஒரு மருத்துவர் கிடைத்தார், ஓட்டல் அறை கிடைத்தது, கடைசியில் அரசாங்கமே கிடைத்தது. அவள் என்னிடம் கேட்டது ஒரு மாதம்.