விருந்தினரா, ஊராரா?

ஐப்பசி பிறந்ததும் "வெளிநாட்டுப் பறவைகள் வந்துவிட்டன" என்கிறோம். ஆலந்தலைக்கு வடக்கே ஆறுமுகநேரி உப்பளங்களிலும், தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் சேற்றிலும் திரள் திரளாக இரை தேடும் உள்ளான்களைக் கண்டே அவ்வாறு சொல்கிறோம். அச்சொல் பொருந்துமா?

அவற்றுள் நுனி வளைந்த அலகுடைய ஓர் இனத்தை எடுத்துக்கொள்வோம். எடை 60 கிராம் அளவே. பிறப்பிடம் சைபீரியாவின் வடகோடியில் தைமீர் தீபகற்பத்தை ஒட்டிய துருவச் சமவெளி. இங்கிருந்து 7,000 கிலோமீட்டருக்கும் மேல். ஜூன் மாதத்தில் அங்குச் சேரும் பெட்டை நான்கு முட்டைகள் இடும். ஆண் அடைகாப்பதில்லை, ஜூலையிலேயே தெற்கே புறப்பட்டுவிடும். தாயும் குஞ்சுகளுக்கு முந்தியே கிளம்பும். பறக்கப் பழகிய குஞ்சு, தான் ஒருபோதும் கண்டிராத கரைக்கு, பெற்றோர் துணையின்றியே வந்து சேர்கிறது.

அதற்குள் அது தப்பிப் பிழைக்க வேண்டும். லெம்மிங் என்னும் சிற்றெலி பெருகும் ஆண்டில் துருவ நரிக்கு இரைப்பஞ்சமில்லை. எலி அருகிய ஆண்டிலோ நரி முட்டைகளையும் குஞ்சுகளையும் தேடித் தின்கிறது. அவ்வாண்டு தெற்கே வரும் இளம்பறவைகள் மிகச் சிலவே. தைமீர் எலியின் கணக்கு நம் உப்பளத்தில் தெரிகிறது!

மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார் மன்னார் வளைகுடாவிலும் கோடியக்கரையிலும் பறவைகளின் காலில் வளையமிட்டு ஆய்ந்துள்ளனர். இளம்பறவைகளுள் பல முதற்கோடையில் வடக்கே திரும்புவதில்லை என்பது அறியப்பட்ட செய்தி. கூட்டிப் பார்ப்போம்: ஜூலையில் பிறந்து செப்டம்பரில் வந்து, அடுத்த ஆண்டும் இங்கேயே கழித்து, அதற்கடுத்த மே மாதத்தில்தான் அது புறப்படுகிறது. வாழ்வின் முதல் இருபத்திரண்டு மாதங்களில் ஏறக்குறைய இருபது நம் கரையில்!

விருந்தினர் என்றால் நாம் தருவது ஈகை. தராவிட்டால் கருமி என்பர், அவ்வளவே. ஊரார் என்றால் அது நீதி. சேற்று நிலத்தைக் குப்பையால் நிரப்புவது பிறர் பங்கைப் பறிப்பதாகும். புனித தாமஸ் அக்குவினாஸ் வழியில் பயின்றோர் இதனை மறுப்பர்: பகுத்தறிவில்லா உயிரோடு நீதி என்னும் உறவு இல்லை என்பர். மறுப்பு வலுவானதே. ஆயினும், படைப்புகள் நமக்குப் பயன்படுவதால் மட்டுமன்றி, இறைவன் முன்னிலையில் தம்மளவிலேயே மதிப்புடையவை என்று திருத்தந்தை பிரான்சிஸ் தம் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கூறியதை எங்கே வைப்பது? கடன் படைத்தவருக்கு உரியது, பறவையின் பெயரில் அதைச் செலுத்துகிறோம் என்றே நாம் கொள்கிறோம்.

கப்பல் வேலைக்கும் அரபு நாடுகளுக்கும் போய், ஆண்டில் பத்து மாதம் ஊரில் இராத நம் பிள்ளைகளின் பெயரை எந்தப் பங்கும் பதிவேட்டிலிருந்து அடிப்பதில்லை. பிறந்த இடத்தால் அவர்கள் நம்மவர். தங்கும் காலத்தால் இப்பறவை நம்முடையது. ஒன்றை ஏற்று மற்றதை மறுக்க என்ன நியாயம் உண்டு?

சித்திரையில் மூத்தவை செங்கல் நிறம் பூண்டு புறப்படுகின்றன. சாம்பல் நிறம் மாறாத இளையவை உப்புப் பாத்தியில் நிற்கின்றன. வரப்பில் வரும் தொழிலாளிக்கு வழிவிட்டு, அடுத்த பாத்திக்குப் பறந்து, மீண்டும் சேற்றில் அலகை நுழைக்கின்றன.