நதிமூலமும் நேர்மாறுக் கணக்கும்

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்பார்கள் எங்கள் பெரியவர்கள். மொன்றியல் துறைமுகத்தில் நின்று சென் லோறன்ஸ் நதியைப் பார்ப்பவருக்கு அந்த விலக்கு வீண் என்று படும். வரைபடம் ஒன்ராறியோ ஏரியை மூலமாகக் காட்டுகிறது. அந்த ஏரிக்கோ நீரின் பெரும்பகுதி மேலேயுள்ள நான்கு பேரேரிகளிலிருந்து வருகிறது. கேட்பவர் எங்கே நிறுத்துகிறாரோ அதுவே மூலம்.

விளைவை அளந்து மூலத்தைத் தேடுவதற்குக் கணிதத்தில் ஒரு துறையே இருக்கிறது. நேர்மாறுக் கணக்கு. யாழ்ப்பாணத்தில் பாதியில் விட்ட படிப்பை, கோப்பை கழுவி முடிந்த இரவுகளில் இன்னும் புரட்டிப் பார்ப்பதுண்டு. ஓர் எலியின் உடலுக்குள், ஒளிரும்படி மாற்றப்பட்ட சில கலங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒளி தசைக்குள் நேராக வராது. முட்டி மோதிச் சிதறி, பனிமூட்டத்தில் துறைமுகத்து விளக்குப் போல, தோலில் ஒரு மங்கிய திட்டாகவே வந்து சேரும். கமரா அளப்பது அந்தத் திட்டை மட்டும்தான். ஆழத்தில் கிடக்கும் சிறிய பிரகாசமான மூலமும், தோலுக்கு அண்மையில் பரந்து கிடக்கும் மங்கலான மூலமும் ஏறக்குறைய ஒரே திட்டைத் தரக்கூடும். அளவையில் சிறு பிழை விழுந்தால், விடை எங்கேயோ தாவிவிடும்.

1963 இல் சோவியத் கணிதவியலாளர் திகோனொவ் ஒரு வழி சொன்னார். விடை தரவோடு பொருந்தினால் மட்டும் போதாது, கட்டுமீறாததாகவும் இருக்கவேண்டும். பொருத்தத்துக்கு எவ்வளவு இடம், கட்டுப்பாட்டுக்கு எவ்வளவு இடம் என்பதை ஓர் எண் தீர்மானிக்கிறது. அந்த எண்ணைத் தருவது எலியல்ல, கணக்குச் செய்பவர். நேர்மையான ஆய்வாளர் அதை மறைக்காமல் எழுதிவைக்கிறார்.

மனிதரின் மூலத்தைத் தேடுபவர்கள் அப்படி எழுதிவைப்பதில்லை. 1986 ஓகஸ்ட் 11 அன்று, நியூபவுண்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழரை மீனவர்கள் கண்டார்கள். இந்தியாவிலிருந்து வந்தோம் என்றார்கள் அவர்கள். சில நாட்களில், கப்பல் மேற்கு ஜேர்மனியிலிருந்து புறப்பட்டது தெரியவந்தது. பலருக்கு உடனே விடை கிடைத்துவிட்டது: ஏமாற்றுக்காரர். கப்பல் எங்கே புறப்பட்டது என்ற கேள்விக்கு ஜேர்மனி சரியான விடைதான். ஆனால் அந்தப் பயணத்தின் மூலம் 1983 யூலையா, ஜேர்மனியில் கிடைக்காத நிரந்தரமா, இரண்டுமா? அச்சத்தில் சொன்ன பொய்யும் ஆசையில் சொன்ன பொய்யும் வெளியே ஒரே திட்டாகத்தான் தெரியும்.

மல்றோனியின் அரசு அவர்களுக்குத் தங்கும் அனுமதி கொடுத்தது. உண்மை முழுவதும் தெரிந்ததால் அல்ல, தெரியாத இடத்தில் எதை நம்புவது என்று அது முடிவெடுத்ததால் என்றே நினைக்கிறேன். 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் 492 பேர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கரையேறியபோது வேறோர் அரசு வேறொன்றை நம்பியது. பலர் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார்கள்.

தீர்ப்பே சொல்லக் கூடாது என்று நான் வாதாடவில்லை. விசாரிப்பவருக்கு அந்தச் சொகுசு இல்லை. மூலம் பார்க்காதே என்ற பழமொழி ரிஷியைக் காப்பாற்றும், அகதியைக் காப்பாற்றாது. அவரிடம் மூலம் கேட்காமல் எந்த நாடும் கதவு திறப்பதில்லை. தீர்ப்பில் தரவு எவ்வளவு, தான் கொண்டுவந்து சேர்த்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள் என்பதே என் வழக்கு.

அரசுகளை விடுவோம். முந்தி வந்த எம்மவர், பிந்தி வந்தவர்களைப் பற்றி “அவை காசுழைக்க வந்தவை” என்று சாப்பாட்டு மேசையில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். அப்படிச் சொன்ன ஒருவரிடம், “அண்ணை, நீங்கள் எந்தப் பாஸ்போட்டிலை வந்தனீங்கள்?” என்று கேட்டேன்.

“கறி ஆறுது தம்பி, சாப்பிடு” என்றார்.