மரமா, மரம் போன்றதா?



இம்முறை நாம் எடுத்துக்கொண்ட விடயம் சிலருக்குச் சிரிப்பைத் தரலாம். படுக்கையறை நிலத்துக்கு உண்மையான மரப்பலகை பதிப்பதா, மரம்போலத் தோன்றும் ரைல்ஸ் பதிப்பதா என்பதே கேள்வி. இதில் தர்மம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். எமது வீட்டில் வந்தது. அதனாலேயே எழுதுகிறோம்.

பிள்ளைகளின் அறையில் பழைய காப்பெற் கிடந்தது. சின்னவனுக்கு இழுப்பு இருந்தபடியால் அதைக் கழற்றிவிட்டு, மரம்போன்ற போசலின் ரைல்ஸ் பதித்தோம். தண்ணீர் ஊறாது, கீறல் விழாது, விலையும் எமக்குக் கட்டுப்படியானது. இங்கே ரொறன்ரோவில் குளிர்காலத்தில் விருந்தினர் வந்தால் அவர்களுடைய கோட்டுகள் ஏதாவது ஒரு கட்டிலின்மேல்தான் குவியும். மார்கழியில் வந்த ஓர் அண்ணர் கோட்டை வைக்கப் போன இடத்தில் நிலத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, நல்ல ஓக் பலகை போட்டிருக்கிறியள். சரியான செலவு வந்திருக்குமே?" என்றார். நாம் சிரித்தோம். இல்லையென்று சொல்லவில்லை.

அன்றிரவு அது மனதை உறுத்தியது. நாம் வாய் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. நிலம் எமக்காகச் சொன்னது. நாம் அதைத் திருத்தாமல் விட்டோம்.

அப்படியானால் ஒன்றைப்போல இன்னொன்றைச் செய்வதே பிழையா? அப்படிச் சொல்லிவிட எம்மால் முடியவில்லை. மாமல்லபுரத்துக்குப் போனவர்கள் திரௌபதி ரதத்தைப் பார்த்திருப்பீர்கள். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் கருங்கல்லில் செதுக்கியது. உருவமோ கூரை வேய்ந்த குடிசை. பக்கத்திலுள்ள மற்ற ரதங்களிலும் மரக் கட்டடத்தின் சாயலைக் காணலாம். மரமும் செங்கல்லும் சுதையும் உலோகமும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் குகைக் கல்வெட்டில் பெருமையோடு பொறித்தான். ஆனாலும் பின்வந்த கல், மரத்தின் வடிவத்தை விடவில்லை. அதை ஏமாற்று என்று யாரும் சொல்வதில்லை. அந்தக் கல்லை ஓலையென்று நம்பிக் கும்பிட்டவர் எவருமில்லை.

இங்கிலாந்தில் ஜோன் ரஸ்கின் 1849இல் கட்டடக்கலை பற்றி எழுதிய நூலில் இதையே ஆராய்ந்தார். ஒரு பொருளின் மேற்பரப்பை வேறொரு பொருளென்று நம்பும்படி தீட்டுவது வஞ்சனை என்பது அவருடைய கட்சி. ஆனால் கட்டடத்தில் தங்க முலாம் பூசுவதை அவர் குற்றமென்று சொல்லவில்லை. அதை முழுத் தங்கமென்று யாரும் எண்ணுவதில்லையே. நகையில் பூசினால்தான் வஞ்சனை. எமது பிள்ளைகளின் அரங்கேற்றத்தை நினைத்துப் பாருங்கள். தலைச்சாமான் முலாம் பூசியது என்பது சபை முழுவதற்கும் தெரியும். அதே நகையைக் கலியாணத்தில் பவுன் என்று சொல்லிக் கொடுத்தால் சம்பந்தி வீட்டார் சும்மா விடுவார்களா?

ஆனால் ரைல்ஸின் நிலை சற்று வேறு. கல் ரதம் தன்னைக் கல்லென்று காட்டிக்கொண்டே நிற்கிறது. இந்த ரைல்ஸ் தெரியக்கூடாது என்றே செய்யப்படுகிறது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் பரவிய இங்க்ஜெற் அச்சுமுறையால் மரத்தின் ரேகை, கணு, வெடிப்பு எல்லாம் அப்படியே விழுகின்றன. என்றாலும் எமது அம்மா இரண்டாம் நாளே பிடித்துவிட்டார். "இந்தக் கணு இங்கையும் கிடக்கு, கட்டிலடியிலையும் கிடக்கு, கதவடியிலையும் கிடக்கு. என்ன மரமடா இது?" என்றார். ஊரில் முதிரையும் வேம்பும் அரிந்து வீடு கட்டிய குடும்பத்தில் பிறந்தவர் அவர்.

மரத்தின் பக்கமும் முழுக்கச் சுத்தமென்று எண்ணவேண்டாம். பெரிய ஓக் ஒன்று வளரப் பல பத்தாண்டுகள் வேண்டும். கடைகளில் மரம் என்று விற்பவற்றுள்ளும் ஒட்டுப்பலகையின்மேல் சில மில்லிமீற்றர் மரம் ஒட்டியது உண்டு. லமினேற்றில் இருப்பது மரத்தின் படம் மட்டுமே. முக்கால் அங்குலப் பலகையைப் பலமுறை தேய்த்துப் புதிதாக்கலாம். ஆனால் இந்த நாட்டுக் குளிர்காலத்தில் வீட்டுச் சூடு காற்றை உலர்த்த, பலகை சுருங்கி இடைவெளி விடும். கோடையில் மீண்டும் ஊதும். அதைவிட, "இது அசல்" என்று சொல்லிக்கொள்ளும் ஆசையும் ஒருவகைப் பகட்டுத்தான். அந்த ஆசை எமக்கும் இருந்தது.

அடுத்ததாக அம்மாவின் அறை. அவர் வெறுங்காலோடு நடப்பவர். இரவில் இரண்டு மூன்று தடவை எழும்புவார். பிள்ளைகளின் அறைக்குள் கால் வைத்ததும் "ஐஸ்" என்று பின்வாங்குவார். உண்மையில் ஒரே வீட்டில் பலகையும் ரைல்ஸும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ரைல்ஸ் காலின் சூட்டை மரத்தைவிடப் பல மடங்கு விரைவாக இழுத்துக்கொள்வதால் அது குளிர்கிறது. இதை அம்மாவுக்கு விளக்கினோம். "கால் குளிருதுதானே?" என்று மட்டும் கேட்டார். விழுந்தாலும் ரைல்ஸில் அடி பலம்.

ஆகவே அவருடைய அறைக்கு ஓக் பலகை போட்டோம். செலவுக்காகக் குசினி வேலையை அடுத்த வருடத்துக்குத் தள்ளினோம். பிள்ளைகளின் அறையில் ரைல்ஸ் அப்படியே இருக்கிறது. அது அந்த அறைக்குப் பொருத்தமானது, கழற்றவேண்டிய தேவையில்லை.

பொங்கலுக்கு அந்த அண்ணர் மறுபடி வந்தார். கோட்டை வாங்கும்போதே, "அண்ணை, அண்டைக்கு நீங்கள் பார்த்தது ஓக் இல்லை, ரைல்ஸ்" என்று சொன்னோம். அவர் உள்ளே போய், குனிந்து தட்டிப் பார்த்தார். பிறகு, "சதுர அடி என்ன விலைக்கு எடுத்தனியள்?" என்று கேட்டார்.