கதவும் காவலாளும்

"எங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை, எவர் பார்த்தால் என்ன?" என்று கூறுவோர் நம்மிடையே பெருகி வருகின்றனர். இணையத்தைத் திறந்துகாட்டும் உலாவி எதுவாயினும் சரியே என்னும் அலட்சியம் இக்கூற்றிலிருந்தே பிறக்கிறது. இது முறைதானா என ஆராய்வோம்.

நம் இல்லங்களுக்குக் கதவு உண்டு. குற்றம் புரிவதற்காகவா அதைச் சாத்துகிறோம்? பிறர் வீட்டினுள் அனுமதி பெற்று, ஸலாம் உரைத்தே நுழையுமாறு திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் பணிக்கிறது; துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. மறைவு குற்றவாளியின் பதுங்குமிடமன்று, கண்ணியத்தின் இருப்பிடம். 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தனர்.

சேர்வராயன் மலையேறி ஏற்காடு செல்வோரின் வண்டி எண்ணை அடிவாரத்துச் சாவடியில் ஒருவர் குறித்துக்கொண்டால் எவரும் வருந்தார். அவரே வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் நாம் எங்கே நின்றோம், எதை விலை கேட்டோம் என்றெழுதி, அவ்வேட்டை வணிகருக்கு விற்றால்? இணையத்தில் நடப்பது இதுவே. தன்னிடம் வந்தவரை ஒரு தளம் நினைவில் கொள்வதற்காக 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவான 'குக்கீ', நாளடைவில் விளம்பர நிறுவனங்கள் தளந்தோறும் நம்மைத் தொடரும் கருவியாயிற்று. நள்ளிரவில் ஒரு தாய் தன் மகளின் நோய் குறித்துத் தேடுவதும் அவ்வேட்டில் ஏறக்கூடும். அங்கே வெளிப்படுவது அத்தாயின் குற்றமன்று, மகளின் அந்தரங்கம். ஆகவே, "ஒன்றுமில்லை" என்பவர் தம்மை நம்பியோரின் உரிமையையும் சேர்த்தே கைவிடுகிறார்.

உலாவியைத் தேர்வது, எனவே, ஓர் அமானத்தை ஒப்படைப்பதாகும். காவலாளின் பிழைப்பு எதில் என்று முதலில் கேட்க வேண்டும். குரோமை அளிக்கும் கூகுளின் பெருவருவாய் விளம்பரத்தில். பயர்பாக்ஸை ஆக்கும் மொஸில்லா ஓர் அறக்கட்டளைக்கு உரியது; எனினும் தேடுபொறிக்காகக் கூகுள் தரும் பணமே அதன் வருவாயில் பெரும்பகுதி. மாசற்ற காவலாள் அரிது. ஒப்பிட்டே தேர வேண்டும். கணினிகளில் பயர்பாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் அத்தளத்தோடே அடைத்துவைக்கிறது. குரோமின் 'இன்காக்னிட்டோ' நம் கருவியில் தடத்தை அழிக்குமேயன்றித் தளங்களின் கண்ணை மூடாது. இது குறித்த வழக்கில் தான் திரட்டிய பதிவுகளை அழிக்க 2024இல் கூகுள் உடன்பட்டது.

நீட்சிகளில் இன்னும் விழிப்பு வேண்டும். நாம் திறக்கும் பக்கங்களையெல்லாம் படிக்க வல்லவை பல. பின்தொடர்வோரைத் தடுப்பதாகக் கூறிய அவாஸ்ட் நிறுவனமே பயனரின் தடங்களை விற்றதென்று குற்றஞ்சாட்டிய அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், 2024இல் அதனை 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்தப் பணித்தது. ஆகவே நீட்சிகள் சிலவே போதும். மூலநிரல் வெளிப்படையான 'யூபிளாக் ஆரிஜின்' பயர்பாக்ஸில் முழுமையாக இயங்குகிறது. குரோமில் அதன் சுருக்க வடிவமே உண்டு. நீட்சிகள் மிகுந்தால் அச்சேர்க்கையே நம்மைத் தனித்துக் காட்டவும் கூடும்.

மனிதரிடமிருந்து காக்கும் திரை, படைத்தவனிடமிருந்து எதையும் மறைப்பதில்லை. எனவே அதைத் தீமைக்கு அரணாக்குதல் தகாது. சிறாரை அவர்கள் அறியவே வழிநடத்துவது பெற்றோர் கடமை. ஆனால் மனைவியின், வளர்ந்த மகனின் கைப்பேசியை அவர்கள் அறியாமல் துருவுபவர், விளம்பர நிறுவனத்தைக் கண்டிக்கும் தகுதியை இழக்கிறார்.